கிரேக்கம் படிப்போர் கேள்வி பதில்: ‘லந்தானோ’ என்ற வினை

கேள்வி: எபிரெயர் 13:2-ஐ மூலத்தில் படிக்கிறேன். ‘எலாத்தொன் தினெஸ் க்ஸெனிசாந்தெஸ் அங்கெலூஸ்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘சிலர் தூதரை உபசரித்து மறைந்தார்கள்’ என்று வருகிறது. தமிழ் வேதாகமத்தில் யாரும் மறையவில்லையே?

பதில்: வேதாகமத் தமிழ்தான் சரி: ‘சிலர் அறியாமல் தேவதூதரையும் உபசரித்ததுண்டு.’ ‘எலாத்தொன்’ என்பது லந்தானோ என்ற வினையின் இறந்தகால வடிவம். லந்தானோ என்றால் ஒருவர் கவனத்துக்குத் தப்புவது. அதோடு எச்சவினை சேர்ந்து வந்தால் உண்மையான செயலைச் சொல்வது எச்சம்தான். முற்று ‘தெரியாமல்’ என்ற அடையாக இறங்கிவிடும். ஆகவே முதலில் எச்சத்தை முற்றாக்குங்கள் (உபசரித்தார்கள்), பிறகு லந்தானோவை ‘அறியாமல்’ ஆக்குங்கள்.

யாருக்குத் தெரியாமல்? அந்த ஆள் இரண்டாம் வேற்றுமையில் வருவார். வராவிட்டால் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ‘எலாத்தென் எய்செல்த்தோன்’ என்றால் பிறர் கண்ணில் படாமல் நுழைந்தான். எபிரெயரிலோ அறியாதவர்கள் உபசரித்தவர்களே.

தமிழ் மாணவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘உபசரித்து’ என்ற நம் எச்சம் முந்தைய செயலைக் காட்டும். அந்தப் பழக்கத்தில் ‘உபசரித்த பின்’ என்று எழுதிவிடுகிறோம். இங்கே முற்றும் எச்சமும் அயோரிஸ்ட் (செயலை முழுதாய் ஒன்றாகக் காட்டும் வினைவடிவம்), இரண்டும் ஒரே செயல். முன்பின் கிடையாது. தூங்க்கானோ (தற்செயலாக), ஃப்த்தானோ (முந்திக்கொண்டு) இரண்டுக்கும் இதே அமைப்புதான்: ‘எதூக்கே பரோன்’, தற்செயலாக அங்கே இருந்தான்.

அதே வசனத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ‘மறவாதிருங்கள்’ என்ற இடத்தில் ‘மே எபிலந்தானெஸ்தே’ நிற்கிறது. அதுவும் இந்த வினையேதான்! ‘எபி’ என்ற முன்னொட்டு சேர்ந்து நடுவினையில் (செய்பவரையே செயல் சாரும் வடிவம்) வந்தால் ‘மறத்தல்’. மறக்கப்படும் பொருள் பெரும்பாலும் ஆறாம் வேற்றுமையில் வரும். இங்கே ‘ஃபிலொக்ஸெனியாஸ்’ அப்படித்தான். பிலிப்பியர் 3:13-இல் ‘பின்னானவைகளை மறந்து’ என்ற இடத்தில் மட்டும் இரண்டாம் வேற்றுமை.

கேள்வி: அகராதியில் ‘எலாத்தொன்’ கிடைக்கவில்லையே?

பதில்: முன்னுள்ள ‘எ’ இறந்தகாலக் குறி, அதை நீக்கினால் வேர் ‘லத்’. நிகழ்காலத்தில் வேருக்குள் ஒரு மெல்லினமும் வேருக்குப் பின் ‘அன்’னும் ஏறி லந்தானோ ஆகிறது. எமாத்தொன்–மந்தானோ (கற்றல்) இணையும் இதே வாய்ப்பாடு. எதிர்காலம் லேசோ, பெர்ஃபெக்ட் (முடிந்த செயலின் நிலையைக் காட்டும் வடிவம்) லெலேத்தா. இவற்றில் உயிர் நீளும். 1839-இல் ஸ்வீடன் வேதியியலாளர் மொசாண்டர் சீரியம் உப்புக்குள் மறைந்திருந்த தனிமத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு லாந்தனம் என்று பெயர் வந்ததும் இந்த வினையிலிருந்துதான்.