மேட்டில் ஹைட்ரோஸ்டாட்டிக் டிராக்டரின் பெடலை அழுத்த அழுத்த எஞ்சின் திணறுவது ஏன்?

கார் ஓட்டிப் பழகிய கால் செய்யும் தவறு இது. இந்தப் பெடல் ஆக்சிலேட்டர் அல்ல. ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டியில் எஞ்சின் ஒரு பம்பைச் சுழற்றும், அந்தப் பம்பு தள்ளும் ஆயில்தான் சக்கரத்தை ஓட்டும். பெடல் அந்தப் பம்புக்குள் இருக்கும் தட்டைச் சாய்க்கிறது. தட்டு சாயச் சாய ஆயில் அதிகம் பாய்ந்து வேகம் கூடும், இழுவை குறையும். மேட்டில் ஆழமாக மிதிப்பது மேல் கியருக்கு மாற்றுவதற்குச் சமம். எஞ்சின் முனகத் தொடங்கியதும் காலைச் சற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் மெதுவாக, ஆனால் பலமாக உருளும்.

எஞ்சின் வேகத்தைக் கைத்திராட்டிலில் (கையால் நகர்த்தும் ஆக்சிலேட்டர் லீவரில்) வையுங்கள். ரோட்டவேட்டர் ஓட்டும்போது அதைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று வர வேண்டும்.

சரிவில் லோ ரேஞ்ச்தான், அதாவது வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை. ரேஞ்ச் மாற்றும் லீவரைச் சரிவில் தொடவே தொடாதீர்கள். நியூட்ரலில் விழுந்தால் பம்பின் பிடி அறுந்து வண்டி தானாக உருளும், உயிருக்கே ஆபத்து. நிறுத்தும்போதும் பெடலை விட்டால் போதாது. பம்புக்குள் ஏற்படும் ஆயில் கசிவால் வண்டி மெல்ல நகரும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.