முத்திரைத்தாளில் மாறாது பாதுகாவலர் பொறுப்பு

கேள்வி: விபத்தில் இறந்துபோன என் அக்கா, அத்தானின் மகனுக்கு இப்போது 11 வயது. அவனுக்கும் அவன் பெயரிலுள்ள வீட்டுக்கும் அவனுடைய பெரியப்பாவை நீதிமன்றம் பாதுகாவலராக நியமித்தது. ஆனால் மூன்று ஆண்டுகளாக அவன் என்னிடம்தான் வளர்கிறான். பெரியப்பா எட்டிப் பார்ப்பதில்லை; வீட்டு வாடகையை மட்டும் வாங்கிக்கொள்கிறார். பொறுப்பை எனக்கு விட்டுக்கொடுப்பதாக முத்திரைத்தாளில் எழுதி வாங்கினால் போதுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: போதாது, சகோதரி. நீதிமன்றம் கொடுத்த பொறுப்பை நீதிமன்றம்தான் மாற்ற முடியும். அந்தத் தாளில் நோட்டரி முத்திரையே இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் பெரியப்பாதான் பாதுகாவலராக நீடிப்பார்.

அவர் மனமொப்பி விலகுவதாக இருந்தால், 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் 40ஆம் பிரிவின்கீழ் அவரே மனு செய்யலாம். மனக்கசப்பு குறைந்த வழி இதுதான். மறுத்தால், கடமையைத் தொடர்ந்து செய்யத் தவறியது, குழந்தையைக் கவனிக்காமல் விட்டது ஆகிய காரணங்களைக் காட்டி, அவரை நீக்கும்படி 39ஆம் பிரிவின்கீழ் நீங்கள் கேட்கலாம். எந்த வழியானாலும், உங்களை நியமிக்கும்படியும் சேர்த்துக் கேளுங்கள். அவர் விலகியதாலேயே பொறுப்பு உங்களுக்கு வந்துவிடாது.

மனுவில் பெரியப்பாவின் குறைகளை மட்டும் அடுக்காதீர்கள். நீதிபதி முதலில் பார்ப்பது பையனின் நலனைத்தான். மூன்று ஆண்டுகளாக நீங்கள் கையெழுத்திட்ட மதிப்பெண் அட்டைகளும், காய்ச்சலுக்கு அவனை அழைத்துப்போன நாளின் மருத்துவர் சீட்டும் நீண்ட குற்றச்சாட்டுகளைவிட உங்களுக்குத் துணை நிற்கும். விவரம் தெரிந்த பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்பதால், நீதிபதி அவனை அழைத்துப் பேசக்கூடும். அதற்காக அவனுக்குப் பதில்களைச் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைக்காதீர்கள் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். தாய் தகப்பனை இழந்த பிள்ளைக்குப் பெரியப்பாவும் வேண்டிய உறவுதான்.

வாடகை அவனுடைய பணம். நீக்கப்படும் பாதுகாவலரிடம் சொத்தையும் கணக்குகளையும் ஒப்படைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். நீதிமன்ற அனுமதியின்றி வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு அதிகாரமில்லை. நாளை நீங்கள் நியமிக்கப்பட்டாலும் அதே கட்டுப்பாடு உங்களுக்கும் உண்டு. ஆகவே இன்றிலிருந்தே அவனுக்காகும் செலவை ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதி வாருங்கள்.

முதலில் பழைய நியமன உத்தரவின் சான்றிட்ட நகலைப் பெறுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையென்றால், அந்த நகலுடன் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.