பின்னாடி வந்தவன் ஒண்ணும் பண்ணலையாம்

அன்புள்ள அக்கா,

அட்லாண்டால ஐடி வேலைல இருக்கேன், உங்க எழுத்துக்கு நான் அடிமை. ஆபீஸ்ல லஞ்ச் டேபிள்ல ட்ரேவான் மார்ட்டின் கேஸ் பத்திப் பேச்சு வந்துச்சு, அதான், ஃப்ளோரிடால அந்தப் பையன் பின்னாடி போய் ஜிம்மர்மேன்னு ஒரு ஆள் சுட்டுக் கொன்னாரே, அது. ஒருத்தர் பின்னாடி போறது குத்தமே இல்ல, முதல்ல கை வெச்சவன்தான் சண்டைய ஆரம்பிச்சவன், அதனால ஜிம்மர்மேன் சுட்டது தற்காப்புதான்னு ஃப்ரெண்ட் அடிச்சுப் பேசறான். என்னால பதில் சொல்ல முடியல. நீங்க என்ன சொல்றீங்க? அப்புறம், இங்க இருக்கற நிலைமைக்கு நானும் ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுக்கலாமா?

தம்பி,

அடிமை கிடிமைன்னெல்லாம் எழுதாதீங்க, எரிச்சலா வருது. ஆனா உங்க கேள்வி எனக்குள்ள ரொம்ப நாளா ஓடிக்கிட்டு இருக்கறது, அதான் மத்த கடிதத்தையெல்லாம் ஓரமா வெச்சுட்டு இதுக்கு உட்கார்ந்துட்டேன்.

சட்டம்னு பார்த்தா உங்க ஃப்ரெண்ட் சொல்றது பெரும்பாலும் சரிதான். ஃப்ளோரிடால வெறுமனே பின்னாடி போனா வம்புக்கு இழுத்ததா ஆகாது, அடிக்கணும், இல்ல அடிப்பேன்னு மிரட்டணும். ஜிம்மர்மேனுக்கு மூக்குல அடி, பின்மண்டைல ரத்தம், அதுவும் உண்மை. 2013 ஜூலைல ஜூரி விடுதலை பண்ணிடுச்சு. சரி, விடுங்க.

ஆனா கதைய அந்த மூக்கு உடைஞ்ச இடத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்னு யார் சொன்னது? 2012 பிப்ரவரி 26, சான்ஃபோர்ட், ராத்திரி, மழை வேற. 17 வயசுப் பையன் கடைல மிட்டாயும் ஜூஸ் கேனும் வாங்கிட்டு ஒரு தோழிகிட்ட போன்ல பேசிக்கிட்டே தங்கியிருந்த வீட்டுக்கு நடக்கறான், வண்டில ஜிம்மர்மேன் அவனையே பார்த்துக்கிட்டு போலீஸுக்குப் போன் போடறார், பையன் நகர்ந்து ஓடினதும் இறங்கிப் பின்னாடியே போறார். போலீஸ் லைன்ல இருந்தவர் பின்னாடி போறீங்களான்னு கேக்கறார், ஆமாங்கறார், நீங்க அதைச் செய்ய வேண்டியதில்லன்னு பதில் வருது. அது உத்தரவு இல்ல, கேட்டே ஆகணும்னு இல்லன்னு வக்கீலுங்க சொல்வாங்க. இல்லதான். ஆனா அந்தப் பையன் பக்கத்துலேர்ந்து யோசிங்கப்பா! யூனிஃபார்ம் இல்ல, யாருன்னு தெரியல, விடாம வர்றான். 2005லேர்ந்து அங்க, ஆபத்துன்னா ஓடிப்போகணும்னு அவசியமில்ல, நின்னு தடுக்கலாம்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டம் துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கு மட்டும் எழுதினதா? அந்தப் பையனுக்கு என்ன பயம் இருந்துச்சுன்னு கோர்ட்ல வந்து சொல்ல அவன்தான் இல்லையே.

எனக்கு இது ஏன் இவ்ளோ உறைக்குதுன்னா, காலேஜ் படிக்கறப்ப சாயங்கால ட்யூஷன் முடிஞ்சு வரும்போது ஒருத்தன் சைக்கிள்ல என் நடை வேகத்துக்கே வருவான். ஒரு வார்த்தை பேசமாட்டான். நான் நின்னா செயின் கழண்ட மாதிரி குனிவான், நான் ரோடு மாறினா அவனும் மாறுவான். கோழிக்கடை சந்துல லைட் இல்லாத இடத்துல ஒருநாள் திரும்பி குடையால ஒரே அடி, கண்ணுக்குப் பக்கத்துல பட்டு ரத்தம் வந்துருச்சு. தெருவே கூடிருச்சு. "அவன் உன்னை என்ன பண்ணான், தொட்டானா, பேசினானா?"ன்னு என்னைத்தான் கேட்டாங்க, எங்க பெரியம்மா உட்பட. ரத்தம் அவன் மூஞ்சில இருந்துச்சு, அதனால அவன் பாவம். நான் அடிச்சதுக்கு இன்னிக்கும் வருத்தப்படல.

உங்க ஃப்ரெண்ட்கிட்ட இன்னொண்ணு கேளுங்க, உங்க ஜார்ஜியா மாநிலத்துலயே நடந்தது. 2020 பிப்ரவரில பிரன்ஸ்விக் பக்கத்துல ஜாகிங் போன அஹ்மாட் ஆர்பரிய மூணு பேர் ரெண்டு பிக்கப் வண்டில துரத்தி மறிச்சாங்க. அவன் எங்க துப்பாக்கியப் பிடிச்சு இழுத்தான், அதனால சுட்டோம், தற்காப்புன்னாங்க. நீங்களே ஆரம்பிச்சுட்டு தற்காப்புன்னு சொல்ல முடியாதுன்னு அரசுத் தரப்பு வாதாடுச்சு, 2021 நவம்பர்ல மூணு பேருக்கும் கொலைக்குத்தம் உறுதியாச்சு. அங்க வண்டிய குறுக்க விட்டதும் ஷாட்கன்னோட நின்னதும் வீடியோல இருந்துச்சு. சான்ஃபோர்ட்ல அப்படி வீடியோ இல்ல. பின்னாடி போறதுக்கும் துரத்தி மறிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா இருட்டுல முன்னாடி நடக்கறவனுக்கு அது எப்ப மாறுதுன்னு எப்படித் தெரியும்?

துப்பாக்கியா? லஞ்ச் டேபிள்ல ஒரு வாக்குவாதத்துக்கே பதில் சொல்ல முடியாம எனக்கு லெட்டர் போடற ஆளுக்கு துப்பாக்கி எதுக்குய்யா. போய் வேலையப் பாருங்க.