விமானி ஆவதற்கான தேர்வில் மதிப்பெண் எங்கே உதவும்?

வாசகர் கேள்வி – பதில்

கே: விமானப்படை அதிகாரிகளுக்கான ஏஎஃப்கேட் தேர்வு எழுதப் போகிறேன். விடை தெரியாத கேள்விகளையும் துணிந்து குறித்துவிடலாமா? – வாசகர், திருநெல்வேலி

ப: தேர்வில் 100 கேள்விகள், 300 மதிப்பெண், 2 மணி நேரம். சரியான விடைக்கு 3 மதிப்பெண் கிடைக்கும், தவறான விடைக்கு 1 குறையும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். குருட்டாம்போக்கில் நான்கு கேள்விகளைக் குறித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. வந்த மூன்றும் போய்விடும், மிச்சம் பூஜ்யம். நான்கு விடைகளில் ஒன்று நிச்சயம் தவறு என்று தள்ளிவிட முடிந்தால் மூன்று கேள்விக்கு 1 மதிப்பெண் தேறும். இரண்டைத் தள்ள முடிந்தால் இரண்டு கேள்விக்கு 2 மதிப்பெண். ஆகவே, ஒரு விடையைக்கூடக் கழிக்க முடியாத கேள்வியை விட்டுவிடுங்கள். இரண்டைக் கழித்துவிட்டால் தயங்காமல் குறியுங்கள்.

85 கேள்விகளைக் குறித்து 52 சரியென்றால் 156-லிருந்து 33 போய் 123. 65 மட்டுமே குறித்து 57 சரியென்றால் 171-லிருந்து 8 போய் 163. தகுதி மதிப்பெண் தேர்வுக்குத் தேர்வு மாறும்; அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 130-க்கு மேலேயே இருந்திருக்கிறது. நிறையக் குறித்த முதலாமவர் வெளியே நிற்பார். ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 நொடிதான். பொது அறிவுக் கேள்வி ஒன்றுக்கு 20 நொடிக்கு மேல் தராதீர்கள். தெரிந்தால் உடனே தெரியும், யோசித்து வராது. அங்கே மிச்சமாகும் நேரம் கணக்குக்கும், மறைந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விகளுக்கும் தேவைப்படும்.

கே: தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினால் போதுமா? அதற்குமேல் எடுப்பது வீண்தானே? – வாசகர், சேலம்

ப: வீணே இல்லை. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை நேரில் சோதிக்கும் விமானப்படைத் தேர்வு வாரியம் பரிந்துரைத்து, மருத்துவத் தகுதியும் பெற்றவர்களை எழுத்துத் தேர்வு, வாரியத் தேர்வு இரண்டின் அடிப்படையில் அகில இந்திய வரிசையில் நிறுத்துகிறார்கள். இடங்கள் எத்தனையோ அத்தனை பேருக்குத்தான் பயிற்சி அழைப்பு. பரிந்துரை கிடைத்தும் அழைப்பு வராமல் போவது இந்த வரிசையால்தான்.

கே: என் மகள் மைசூரு தேர்வு வாரியத்துக்குப் போகிறாள். விமானிகளுக்கான கணினித் தேர்வில் தவறினால் அடுத்த முறை எழுதலாமா? – வாசகி, திருச்சி

ப: இல்லை அம்மா. சி.பி.எஸ்.எஸ். எனப்படும் அந்தத் தேர்வு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அதில் தவறியவர் ஏஎஃப்கேட், என்.டி.ஏ., சி.டி.எஸ். தேர்வுகள், என்.சி.சி. சிறப்பு நுழைவு என எந்த வழியில் வந்தாலும் மீண்டும் விமானிப் பிரிவுக்குப் போட்டியிட முடியாது. கடற்படையின் விமானிப் பிரிவும் இதே தடையை வைத்திருக்கிறது. தரைப்பணிப் பிரிவுகளுக்கு மட்டும் வழி உண்டு. எழுத்துத் தேர்வை வயது வரம்புக்குள் மறுபடி எழுதலாம், வாரியத்துக்கும் மறுபடி போகலாம். கணினித் தேர்வுக்கு மட்டும் மறு வாய்ப்பு கிடையாது. இதை முதல் நாளே சொல்லித்தராமல் பிள்ளைகளை அனுப்புவது பெரிய குறை.

அதில் முக்கியமாகச் சோதிப்பது இரண்டு விஷயங்களை: விமானி முன் இருக்கும் அளவிகளைப் (மீட்டர்களை) பார்த்து விமானத்தின் நிலையைச் சட்டென்று சொல்லும் திறன்; கண், கை, கால் மூன்றையும் சேர்த்து இயக்கும் திறன்.

முதலாவதற்கு ஆறு அளவிகள் போதும்: உயரமானி, வேகமானி, செயற்கை அடிவானம், திசைகாட்டி, திருப்பமானி, ஏற்ற இறக்கமானி. உயரமானியில் நீள முள் நூறு அடிகளையும் குட்டை முள் ஆயிரம் அடிகளையும் காட்டும். குட்டை முள் 3-ஐத் தாண்டியிருக்கிறது, நீள முள் 5-இல் நிற்கிறது என்றால் 3,500 அடி. முள்ளை மாற்றிப் படிப்பது வழக்கமான பிழை. அதைவிட அதிகம் பேரை ஏமாற்றுவது செயற்கை அடிவானம். அதில் விமானக் குறி அசையாது, அடிவானக் கோடுதான் சாயும். கோட்டின் வலது முனை உயர்ந்திருந்தால் விமானம் வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். கோடு இடப்பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்து 'இடது' என்று சொல்லிவிடுகிறார்கள். பைக்கில் வலது வளைவில் சாயும்போது சாலையின் கோடு கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்.

இரண்டாவதில் கையும் காலும் சண்டை போடும். கட்டுப்பாட்டுத் தண்டை இழுத்தால் மூக்கு மேலே போகும், தள்ளினால் கீழே. கால் மிதியில் வலதை அழுத்தினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். சைக்கிள் கைப்பிடியில் வலதை முன்னே தள்ளினால் இடப்பக்கம் அல்லவா திரும்புவோம்? அந்தப் பழக்கம் இங்கே எதிராக வேலை செய்யும். வீட்டில் ஜாய்ஸ்டிக்கும் கால் மிதியும் இணைத்த விமான விளையாட்டில் தினமும் அரை மணி நேரம், மூன்று வாரம் பழகினால் கால் தயங்குவது குறையும். இன்னொரு பிழை: திரையில் இருக்கும் குறி விலகியதும் தண்டைப் பலமாகத் தள்ளி, அது மறுபக்கம் ஓடியதும் மீண்டும் பலமாகத் தள்ளுவது. அதற்குப் பதில் சிறு அசைவு, ஒரு கணம் பொறுமை, அடுத்த சிறு அசைவு என்று பழக வேண்டும். முந்தைய இரவு நன்றாகத் தூங்க வேண்டும். செய்முறை விளக்கம் தரும்போது புரியாததை அங்கேயே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

கே: பி.காம். படித்தவர் விமானி ஆகலாமா? – வாசகர், ஈரோடு

ப: பட்டம் எதுவானாலும் 60 சதவீதம் போதும். ஆனால் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் இரண்டிலும் தனித்தனியே 50 சதவீதம் வேண்டும். வணிகவியல் பிரிவில் இயற்பியல் இருக்காது என்பதால் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பயிற்சி தொடங்கும்போது வயது 20 முதல் 24 வரை; செல்லுபடியாகும் வணிக விமானி உரிமம் இருந்தால் 26 வரை.

கே: கண்ணாடி அணிகிறேன். உயரம் 163 செ.மீ. விண்ணப்பிக்கலாமா? – வாசகர், தஞ்சாவூர்

ப: உயரம் தப்பித்தது, குறைந்தபட்சம் 162.5 செ.மீ. ஆனால் உயரத்தோடு முடிவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, சுவரோடு முதுகை ஒட்டி அளந்து பாருங்கள். இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை 81.5 முதல் 96 செ.மீ. காலை நேராக நீட்டி, சுவரிலிருந்து குதிகால் வரை 99 முதல் 120 செ.மீ. முழங்காலை மடக்கி, சுவரிலிருந்து முழங்கால் நுனி வரை 64 செ.மீ.க்குள். கால் குட்டையானால் மிதியை முழுதாக அழுத்த முடியாது. தொடை நீளமானால் அவசரத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் முன்பலகையில் மோதும்.

கண்ணில் ஒன்று 6/6 (முழுப் பார்வை), மற்றது 6/9 (சற்றுக் குறைவு) இருக்கலாம். அந்த 6/9-ஐக் கண்ணாடியால் 6/6 ஆக்க முடிய வேண்டும், அதுவும் பிளஸ் பவருக்கு மட்டுமே. உங்களுடையது மைனஸ் பவர் என்றால் விமானிப் பிரிவு கிடைக்காது, தரைப்பணிப் பிரிவுகளின் அளவுகோல் வேறு. லேசிக் எனும் லேசர் கண் சிகிச்சை செய்திருந்தால், அதை 20 வயதுக்கு முன் செய்திருக்கக் கூடாது, செய்து 12 மாதம் கடந்திருக்க வேண்டும். கருவிழியில் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் வெட்டும் பழைய அறுவைச் சிகிச்சை செய்திருந்தால் தகுதியில்லை. விண்ணப்பத்துக்கு முன் ஒரு கண் மருத்துவரிடம் பவரையும் நிறப் பார்வையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.