‘அழகான’ என்று எழுதாமல் வருணிப்பது எப்படி? கேள்விக்குப் பதில்

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். வருணனைக் கட்டுரை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாயை விட்டுவிட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. வந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

டீச்சர், மகள் ஏழாம் வகுப்பு. ‘மழைக்காலம்’ என்று தலைப்புக் கொடுத்தால் “மழை பெய்தால் மிகவும் அழகாக இருக்கும், அனைவரும் மகிழ்ச்சி அடைவர்” என்று எழுதிவிட்டு உட்கார்ந்துவிடுகிறாள். எப்படி நீட்டச் சொல்வது? (ஓர் அம்மா, திண்டுக்கல்)

நீட்டச் சொல்லாதீர்கள். முதலில் அந்த ‘அழகாக’வை அடிக்கச் சொல்லுங்கள். அழகு என்பது அவளுக்கு வந்த முடிவு, எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தாள் என்பதுதான் படிக்கிறவருக்கு வேண்டும். பேனாவை வாங்கி வைத்துவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். போன மழைக்கு வீட்டில் யார் முதலில் எழுந்து ஓடினார்கள், மாடியில் துணி எடுக்கவா, ஜன்னல் சாத்தவா? எங்கே ஒழுகியது? என்ன பாத்திரம் வைத்தோம்? காலிச் சட்டியில் சொட்டு விழும்போது என்ன சத்தம், பாதி நிறைந்த பிறகு என்ன சத்தம்? அவள் பதில் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்து கடைசியில் அதை அவள் கையில் கொடுத்துப் பாருங்கள், பாதிக் கட்டுரை அதிலேயே இருக்கும்.

இது நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் கிடையாது. பத்துப்பாட்டில் நெடுநல்வாடை இருக்கிறதே, 188 அடி, நக்கீரர் பாடியது, அதன் தொடக்கத்தில் கூதிர்க்காலத்து நள்ளிரவு வருகிறது. மாடு மேய மறந்து நிற்கிறது, குரங்கு கூனிக் குறுகுகிறது, பறவை உட்கார்ந்த இடத்திலிருந்து விழுகிறது, பால் கொடுக்கிற பசு தன் கன்றையே அண்டவிடாமல் உதைக்கிறது. இவ்வளவையும் காட்டிவிட்டுத்தான் மலையே குளிரில் நடுங்கியது போல என்கிறார். கன்றை உதைக்கிற பசு என்னை அந்தத் தொழுவத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. ‘கடுங்குளிர்’ என்று பத்துத் தடவை எழுதியிருந்தாலும் அது நடந்திருக்காது.

பயிற்சி எப்படிச் செய்வது மேடம்? தினமும் எழுத வேண்டுமா? (கல்லூரி மாணவர், திருச்சி)

எழுதுவதற்கு முன்னால் பார்க்கப் பழக வேண்டும். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருங்கள். போன் பையில் இருக்கட்டும். பார்க்கிறது, கேட்கிறது, மூக்கில் ஏறுகிறது எல்லாவற்றையும் முழு வாக்கியமாக எழுதாமல் துண்டு துண்டாகக் குறியுங்கள். முதல் பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் தெரிவதுதான் உங்களுக்கும் தெரியும்: பாய்லர், கண்ணாடி டம்ளர், பேப்பர் படிக்கிற பெரியவர். அந்தப் பத்து நிமிஷக் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். அப்புறம் சலிப்பு வரும். அந்தச் சலிப்பைத் தாண்டி உட்கார்ந்தால்தான் மாஸ்டரின் வலது கட்டைவிரல் மட்டும் வெந்து சிவந்திருப்பது தெரியும், டீ வடிகட்டுகிற துணிப்பை வெள்ளையாக இருந்த காலத்தை அந்தக் கடையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது தெரியும்.

என் மாணவன் ஒருவன் இப்படி உட்கார்ந்தவன், பாய்லருக்குள்ளிருந்து ‘கிணுகிணு’ என்று சத்தம் வருகிறதே என்று எழுந்து போய்க் கேட்டிருக்கிறான். உள்ளே காசு போட்டு வைத்திருக்கிறார்களாம், தண்ணீர் கொதித்தால் அது குதிக்கும், சத்தத்தை வைத்தே மாஸ்டர் கொதி தெரிந்துகொள்வார். அவன் கட்டுரையின் முதல் வரி: “பாய்லருக்குள் காசு குதிக்கத் தொடங்கியதும் அண்ணன் டம்ளர்களைக் கவிழ்த்தார்.” எட்டாம் வகுப்புப் பையன்! எனக்கு அன்றைக்கு முழுக்க வேறு கட்டுரையைத் திருத்தவே மனசு வரவில்லை.

டீக்கடை பழகிவிட்டால் பெரிய இடத்துக்குப் போகலாம். மதுரை மாட்டுத்தாவணியில் போய் நின்றுகொண்டு பேருந்து நிலையம் முழுவதையும் எழுதப் பார்க்காதீர்கள், அது யாராலும் ஆகாத காரியம். “திருமங்கலம் விருதுநகர் சாத்தூர் கோவில்பட்டி திருநெல்வேலி” என்று ஒரே மூச்சில் கூவுகிறவர் எந்த ஊரில் மூச்சு வாங்குகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அந்த ஒருவரை வைத்தே ஒரு பக்கம் எழுதலாம்.

ஒரு கட்டுரைக்கு எத்தனை உவமை வேண்டும்? (பத்தாம் வகுப்பு மாணவி)

கணக்கு இல்லைம்மா. ஒன்று போதும், அதுவும் நீ நேரில் பார்த்த ஒன்றோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். வயலைப் ‘பச்சைக் கம்பளம் விரித்தாற்போல’ என்கிறீர்களே, உங்கள் வகுப்பில் எத்தனை பேர் வீட்டில் பச்சைக் கம்பளம் இருக்கிறது?

உவமை இல்லாமல் எழுதினால் மதிப்பெண் குறையுமா? (மதுரை)

மேலே பார்க்கவும்.

குரூப் தேர்வுக்குக் கட்டுரைத் தலைப்புகள் சொல்லுங்கள் மேடம்.

அது வேறு வகைக் கட்டுரை, கருத்தும் புள்ளிவிவரமும் கேட்பது. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அந்தத் தேர்வுக்குச் சொல்லித்தருகிறவர்களைக் கேளுங்கள்.

சொல்வளம் குறைவாக இருக்கிறது. அகராதி மனப்பாடம் செய்யலாமா? (ஐடி ஊழியர், கோவை)

வேண்டாம். அகராதியைப் பாடம் பண்ணினவர்கள் ‘ஞாயிறு தன் பொற்கதிர்களை’ என்று தொடங்குவார்கள், நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தேவநேயப் பாவாணரின் ‘தமிழ்ச்சொல் வளம்’ இருக்கிறது, அதைப் படியுங்கள். இலையை எடுத்துக்கொண்டால் நெல்லுக்குத் தாள், சோளத்துக்கும் கரும்புக்கும் தோகை, தென்னைக்கும் பனைக்கும் ஓலை. பிஞ்சிலும் அப்படித்தான்: மாவுக்கு வடு, பலாவுக்கு மூசு, வாழைக்குக் கச்சல். ‘சிறிய மாங்காய்’ என்று எழுதுகிறவருக்கு ‘சிறிய’ தேவைப்படுகிறது, ‘வடு’ என்று எழுதுகிறவருக்குத் தேவையில்லை. இந்தப் பெயர்களெல்லாம் உங்கள் பாட்டிக்குத் தெரியும், ஊருக்குப் போகும்போது கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

தொடக்க வரி எப்படி அமைப்பது? இதை மட்டும் ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள், எல்லோருக்கும் சேர்த்து.

முதலில் எழுதாதீர்கள். கட்டுரையை எழுதி முடித்துவிட்டு முதல் பத்தியை அடியுங்கள். பெரும்பாலும் இரண்டாவது பத்தியில்தான் உண்மையான தொடக்கம் இருக்கும். ஒரு கட்டுரைப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன், தாளைத் திருப்பத் திருப்ப ‘இயற்கை எழில் கொஞ்சும்’, ‘இயற்கை எழில் கொஞ்சும்’. ஒரு கட்டத்தில் எழில் எங்கே போய்க் கொஞ்சினால் என்ன என்றாகிவிட்டது.

சார், கட்டுரை கண்ணுக்கு மட்டும் எழுதியது போல இருக்கிறது என்கிறார்கள். வாசனையை எப்படிக் கொண்டுவருவது? (சேலம்)

நான் சார் இல்லை, டீச்சர். பரவாயில்லை. வாசனைக்குத் தமிழில் தனிப்பெயர்கள் குறைவு, அதனால் அது எதிலிருந்து வருகிறது என்று சொல்வதுதான் வழி. தாளித்த கருவேப்பிலை, மண்ணெண்ணெய், ஈரச் சாக்கு, புதுப் பாடப்புத்தகம். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டாம்: ‘மண்வாசனை’. என் வகுப்பில் அதற்குத் தடை.

இதை எழுதியதுதான் தாமதம், சண்டை வந்துவிட்டது.

தடையா? டீச்சர், கரிசல் மண்ணில் முதல் மழை விழும்போது நின்றிருக்கிறீர்களா? அந்த வாசனையை வேறு என்ன சொல்லி எழுதுவது? (கோவில்பட்டி)

வணக்கம் ரீச்சர். எங்கட செம்மண்ணில மழை விழுந்தா வாற மணம் வேற எந்த மண்ணுக்கும் வராது. கரிசல்காரர் ஒருக்கா வந்து பாக்கட்டும். (யாழ்ப்பாணம்)

இரண்டு பேரும் எங்கள் பக்கம் அறுவடை முடிந்த வயலில் மழை பெய்து பார்த்ததில்லை போல. (மன்னார்குடி)

தார் ரோட்டுல மழை விழுந்தாலும் வாசனை வரும், அதையும் சேர்த்துக்கங்க. (சென்னை)

சரி, நானே கிளப்பினது, நானே பேசித்தான் ஆகணும். மண்ணில் இருக்கிற ஒரு வகை நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தால் போதும், மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அதோடு, வெயில் காலத்தில் செடிகொடிகளிலிருந்து வந்து மண்ணிலும் கல்லிலும் படிகிற எண்ணெய்ப் பசையும் சேருகிறது. 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இந்த வாசனைக்குப் பெட்ரிகோர் என்று பெயர் வைத்தார்கள். அதற்கெல்லாம் முன்னாலேயே உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து, சந்தன எண்ணெயில் இறக்கி, அத்தராக விற்றிருக்கிறார்கள். ஆக, ஜியோஸ்மின் எல்லா ஊருக்கும் பொது, கூடச் சேருகிற சரக்கு ஊருக்கு ஊர் மாறும். நாலு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சென்னைக்காரர் உட்பட.

எழுதுகிறவருக்கு இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. துளி மண்ணில் மோதும்போது அடியில் சிக்குகிற காற்று குமிழாக மேலே வந்து வெடித்து, கண்ணுக்குத் தெரியாத திவலைகளைத் தெறிக்கவிடுகிறது, வாசனை அதில் ஏறித்தான் மூக்குக்கு வருகிறது. 2015-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படம் பிடித்துப் பார்த்தார்கள்: தூறலுக்கும் மிதமான மழைக்கும்தான் இது அதிகம், கொட்டுகிற மழையில் குறைவு. அதனால் ‘கொட்டித் தீர்த்த அடைமழையில் மண்வாசனை எழுந்தது’ என்று எழுதுகிறவர் ஜன்னலைத் திறக்காமலே எழுதுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும். வாசனை உண்மை, நான் மறுக்கவில்லை. அந்தச் சொல் தேய்ந்துபோனதுதான் பிரச்சினை. உங்கள் மண்ணை ‘வாசனை’, ‘மணம்’ என்ற சொற்கள் இல்லாமல் நாலு வரி எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.

“சித்திரையில் வெடிப்பு கால் பெருவிரல் போகிற அகலம் இருக்கும். முதல் மழைத் தண்ணி மேலே ஓடாது, வெடிப்புக்குள்ளே இறங்கும். இறங்கும்போது உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடிக்கும், அடுப்புச் சாம்பலில் தண்ணி தெளித்த மாதிரி. அரை மணி கழித்து நடந்தால் செருப்பு ரெண்டு கிலோ.” (கோவில்பட்டி)

அப்படிப் போடுங்கள். ‘ரெண்டு கிலோ’வைத் தொடவே மாட்டேன். சாம்பல் உவமையும் அடுப்படியில் நின்றவருக்குத்தான் வரும்.

“கிணத்தடியில நிக்கேக்க மழை வந்திட்டுது. புகையிலைத் தோட்டப் பக்கமிருந்து காத்து. அப்பாவின்ர வேட்டிக் கரையில தெறிச்ச செம்மண்ணை அம்மா மூண்டு தரம் தோய்ச்சும் போகேல்லை. அந்த வேட்டியை அவர் பிறகு கோயிலுக்குக் கட்டேல்லை, தோட்டத்துக்குத்தான்.” (யாழ்ப்பாணம்)

வாசனைப் போட்டியில் கோவில்பட்டிக்குத்தான் வெற்றி. ஆனால் தம்பி, உங்களிடம் ஒரு முழுக் கட்டுரை இருக்கிறது, அது அந்த வேட்டியில் இருக்கிறது. மழையைச் சுருக்கிக்கொண்டு வேட்டியின் பின்னால் போங்கள். ‘தோய்ச்சும் போகேல்லை’ என்பதை யாராவது ‘துவைத்தும் போகவில்லை’ என்று திருத்தினால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பேச்சுவழக்கை எழுதினால் தமிழ் கெட்டுவிடாதா? தமிழாசிரியரே இப்படிச் சொல்லலாமா? (பெயர் இல்லை)

தேர்வுத்தாளில் எழுத்துத்தமிழ்தான், அதை மாற்றச் சொல்லவில்லை. மற்றபடி இந்த விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம், மண்ணுக்கே இவ்வளவு நேரம் போய்விட்டது.

மாணவர்களுக்கு மாதிரிக் கட்டுரை கொடுக்கலாமா? நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. (தேனி)

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதல் பத்து வருஷம் மாதிரியை நானே கரும்பலகையில் எழுதிப்போடுவேன். ‘எங்கள் வீட்டுத் தோட்டம்’ என்று ஒன்று, கிணற்றடி, துவைக்கிற கல், அதன் விளிம்பில் காய்ந்த சோப்பு நுரை, கயிறு தேய்த்துப் பள்ளம் விழுந்த உருளை என்று ரசித்து எழுதியிருந்தேன். அரையாண்டுத் தேர்வில் வகுப்பு மொத்தமும் அந்தக் கிணற்றையே எழுதியிருந்தது. பாதிப் பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள், தெருக்குழாயில் குடம் வைத்து வரிசையில் நிற்கிறவர்கள். அது என் பாட்டி வீட்டுக் கிணறு! எல்லோருக்கும் நல்ல மதிப்பெண் போட வேண்டிய நிலைமை வேறு. அதற்குப் பிறகு மாதிரி கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கேள்விகளை மட்டும் எழுதிப்போட்டேன். உங்கள் வீட்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் தூக்குகிறார்கள், எந்த இடத்தில் குடத்தை இடுப்பு மாற்றுகிறார்கள்?

ஏஐ-யிடம் கேட்டால் நொடியில் எழுதித் தருகிறதே?

வாங்கிப் பாருங்கள். ‘அழகான’, ‘ரம்மியமான’, ‘மனதை மயக்கும்’ மூன்றும் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிவிட்டு வந்து சொல்லுங்கள்.

உவமை எத்தனை...

மேலே பார்க்கவும். இதற்கு இனிமேல் பதில் கிடையாது.

மிஸ், நாளைக்குள் ‘எங்கள் ஊர்த் திருவிழா’ 250 சொல்லில் வேண்டும். எழுதித் தர முடியுமா ப்ளீஸ்? (ஒன்பதாம் வகுப்பு)

முடியாதுப்பா. உங்கள் ஊர்த் திருவிழாவுக்கு நான் வந்ததே இல்லை. ராட்டினம் போடுவார்களா? போட்டால், அதைச் சுற்றுகிற அண்ணன் மத்தியானச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார், அப்போது காலிப் பெட்டிகள் காற்றில் எப்படி ஆடும்? அதை மட்டும் பத்து வரி எழுதி இன்றைக்கு ராத்திரிக்குள் அனுப்பு, ஒன்பது மணி வரைக்கும் முழித்திருப்பேன்.