நோயாளி டிராலியைப் பாதுகாப்பாகக் கையாள்வது எப்படி?

சுங்கை சிப்புட் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் தம்பி, உயரம் மாற்றும் டிராலியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பிரேக். மற்றதெல்லாம் அப்புறம்தான். சக்கரத்துக்கு மேலுள்ள மிதியில் பெரும்பாலும் சிவப்புப் பக்கம் பிரேக். பச்சைப் பக்கம் நேராகத் தள்ளுவதற்கு. மிதி நடுவில் நின்றால் சக்கரங்கள் எல்லாப் பக்கமும் திரும்பும். சிவப்பை மிதித்ததும் டிராலியை ஒருமுறை தள்ளிப் பாருங்கள், அசையக்கூடாது. தோட்டத்திலிருந்து வரும் பாட்டிமார் “நானே ஏறிக்கிறேன்யா” என்று காலைத் தூக்கிவிடுவார்கள். பிரேக் போட்டு, டிராலியை நன்றாகத் தாழ்த்தும்வரை அவர்கள் கையை விடாதீர்கள்.

கட்டிலுக்கு மாற்றும்போது இரண்டும் ஒரே உயரத்தில், இடைவெளி இல்லாமல், இரண்டிலும் பிரேக்கோடு இருக்கட்டும்.

பலரும் அசட்டையாக விடுவது முதுகுப் பலகையை, அதாவது நோயாளியின் முதுகைத் தாங்கி ஏறி இறங்கும் பகுதியை. லீவரை அழுத்தும் முன்பே மறுகையால் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ஆளின் எடையோடு சட்டென்று இறங்கிவிடும். பக்கக் கம்பியை ஏற்றி இறக்கும்போது நோயாளியின் விரல், சிறுநீர்க் குழாய், டிரிப் குழாய் மூன்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தள்ளும்போது டிராலி தாழ்ந்து, கம்பிகள் ஏறி, கால் பக்கம் முன்னால் இருக்க வேண்டும். ஆனால் சாய்தளத்தில் தலை எப்போதும் மேட்டுப் பக்கம்; அதனால் ஏறும்போது மட்டும் தலைதான் முன்னால். அங்கே இன்னொருவரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.