அட்லாண்டிக் தாண்டும் அம்மாவுக்கு எந்த இருக்கை?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 67, வலது முழங்காலில் தேய்மானம். நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகிறார். பிரீமியம் எகானமி கட்டுப்படியாகாது. அவசர வழி வரிசையில் காலை நன்றாக நீட்டலாம் என்கிறார்கள். அதையே எடுத்துவிடலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: வேண்டாம். ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவக்கூடியவர்களை மட்டுமே அவ்வரிசையில் அமர அனுமதிப்பார்கள். நடக்கச் சிரமப்படுபவர் என்று தெரிந்தால், பணம் கட்டியிருந்தாலும் விமானத்துக்குள்ளேயே இடம் மாற்றிவிடுவார்கள். மேலும், விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். மாத்திரை, கண்ணாடி எல்லாம் மேலே போய்விடும்.

தங்கள் தாயாருக்கு ஏற்றது, நடுத்தொகுதியில் நடைபாதையை ஒட்டிய இருக்கை. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றில் எகானமி இருக்கைகள் பெரும்பாலும் மூன்று மூன்றாக, மூன்று தொகுதிகளாக இருக்கும். சன்னல் பக்கத் தொகுதியில் நடைபாதை ஓரம் அமர்ந்தால், உள்ளே இருக்கும் இருவருக்கும் ஒவ்வொரு முறையும் எழுந்து வழிவிட வேண்டும். நடுத்தொகுதியிலோ இருபுறமும் நடைபாதை என்பதால், நடுவில் இருக்கும் ஒருவர் மட்டுமே, அதுவும் சில வேளைகளில்தான், இவரை எழுப்புவார். முழங்கால் வலி உள்ளவருக்கு எழுந்து உட்காருவதுதானே பெரும்பாடு! வலது காலை அவ்வப்போது நீட்டிக்கொள்ள, முன்னோக்கி அமர்ந்த நிலையில் வலப்பக்கம் நடைபாதை வரும் இருக்கையாகப் பாருங்கள். உணவு வண்டி வரும்போது மட்டும் காலை மடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அகலத்தையும் கவனியுங்கள். ஏ350, ஏ330 விமானங்களில் இருக்கை ஏறத்தாழ 18 அங்குலம். 787-இலும், வரிசைக்குப் பத்துப் பேர் அமரும் 777-இலும் 17 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். கால் இடைவெளி எந்த விமானத்தில் எத்தனை அங்குலம் என்பதைக் கூகுள் ஃபிளைட்ஸ் காட்டுகிறது; 31 என்பது வழக்கமான அளவு.

வழித்தடமும் முக்கியம். வளைகுடா வழியாகச் சென்றால் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 14 மணி நேரம் ஒரே மூச்சில் நீளும். சென்னையிலிருந்து லண்டன் அல்லது பிராங்பர்ட் வழியாகச் சென்றால் முதலில் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், பிறகு அட்லாண்டிக் மீது எட்டு மணி நேரத்தையொட்டியும் ஆகும். இடையில் காலுக்கு ஓய்வு கிடைக்கும். கட்டண வேறுபாடு சிறிதென்றால் இதையே நான் சொல்வேன். மதுரை–சென்னைப் பயணத்தையும் அதே டிக்கெட்டில் சேர்க்க முடிந்தால் சேர்த்துவிடுங்கள். தனித்தனியாக எடுத்து, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததைத் தவறவிடும் பொறுப்பு நம்முடையதாகிவிடும்.

ரயிலில் மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்க முயல்வதைப் போல இங்கே தானாக எதுவும் நடக்காது. மலிவான கட்டணப் பிரிவில் இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிப்பணம் கேட்பார்கள். பல நிறுவனங்களில் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பு, ஆன்லைன் செக்-இன் தொடங்கியதும் இலவசமாக எடுக்கலாம். ஆனால் அதற்குள் நல்ல இடங்கள் போயிருக்கும். தனியாகப் போகும் முதியவர் விஷயத்தில் காத்திருக்காமல், இரு நீண்ட கட்டங்களுக்கும் அந்தத் தொகையைக் கட்டிவிடுவதே நியாயமான செலவு. டிக்கெட் விற்ற நிறுவனம் ஒன்று, விமானத்தை இயக்குவது வேறொன்று என்றால், இயக்கும் நிறுவனத்தின் பிஎன்ஆர் எண்ணைக் கேட்டு வாங்கி, அவர்களது தளத்தில் இருக்கை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சக்கர நாற்காலிக்குக் கட்டணமில்லை. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். காலில் இரத்தம் உறையாமலிருக்க இடையிடையே நடப்பதோடு, அழுத்தக் காலுறை தேவையா என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.